மலைப்பாதை வேறு, வரைபடக் கோடு வேறு

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள புளியரையில் வீட்டிலேயே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் நீங்கள், செங்கோட்டையிலிருந்து மலைமேல் கேரளப் பக்கத்திலுள்ள ஆரியங்காவுக்குப் போகும் பேருந்து எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று காட்டும் நிலை–நேர வரைபடத்தை வரையச் சொன்னால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு மலையை வரைந்து தருகிறார்கள் என்றும், எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த வாரம் அந்த மலை திரும்பவும் முளைத்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே இயக்கத்துக்குப் புள்ளிப்படம், அட்டவணை, இரண்டு மூன்று வரைபடங்கள், சமன்பாடு என்று இத்தனை வடிவங்கள் எதற்கு, எதில் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். செங்கோட்டையில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில், எனக்குப் பயன்பட்டதை எழுதுகிறேன்.

மலை வரைவது உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பிழை அன்று. வரைபடத்தை நடந்த நிகழ்ச்சியின் படமாகவே பார்த்துவிடுவது கல்லூரி மாணவர்களிடமும் காணப்படும் பழக்கம் என்று இயற்பியல் கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பிழையை நம்முடைய பேச்சே ஊட்டி வளர்க்கிறது என்பது என் எண்ணம். விலை ஏறுகிறது, வெயில் ஏறுகிறது, வேகம் ஏறுகிறது, பேருந்து மலை ஏறுகிறது, கரும்பலகையில் கோடும் ஏறுகிறது என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்திவிட்டு, இவற்றில் எது எது ஒன்றல்ல என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆகவே இந்தப் பாடம் முடியும்வரை வகுப்பில் ‘ஏறுகிறது’, ‘இறங்குகிறது’ என்ற இரண்டு சொற்களையும் வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது சொல்லக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துப் பாருங்கள். ‘நிலையின் மதிப்பு கூடுகிறது’, ‘திசைவேகத்தின் மதிப்பு குறைகிறது’ என்று எதன் மதிப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். (திசைவேகம் என்பது திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்.) முதல் இரண்டு நாள் நாக்குக்குச் சிரமமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ‘நேராகப் போகிறது’ என்ற தொடரும் இதே வகைப் பொறிதான், ஏனெனில் வரைபடத்தில் நேர்கோடாக வருவது சாலையில் நேர்வழியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்ததாக, நிலை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்க வேண்டும். இதற்கு உங்கள் ஊர்வழியே போகும் சாலையைவிட நல்ல கருவி கிடைக்காது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் எழுதியிருக்கும் எண், சாலையின் வழியாகவே அளந்த நீளத்தைச் சொல்கிறது. அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையோ, அங்கே சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்பதையோ அது சொல்வதில்லை. புளியரையின் எஸ் வளைவில் பேருந்து எத்தனை முறை திரும்பினாலும் கல்லில் உள்ள எண் ஒழுங்காக மாறிக்கொண்டே போகிறது. சாலையை ஒரு கயிறாக நினைத்து, இரு முனைகளையும் பிடித்து இழுத்து நேராக்கினால் கிடைப்பதுதான் நம்முடைய நிலை அச்சு என்று சொல்லி, ஒரு சணல் கயிற்றை மேசைமேல் வளைத்து வைத்துப் பிறகு இழுத்தும் காட்டிவிடுங்கள். இப்படிச் சொல்லாமல் நேராக வரைபடத் தாளுக்குப் போகும்போதுதான் பிள்ளையின் மனத்தில் செங்குத்து அச்சு உயரம் ஆகிவிடுகிறது. (இடப்பெயர்ச்சி என்று பாடநூல் சொல்வது இரு முனைகளுக்கும் இடையே உள்ள நேர்க்கோட்டு நீளத்தையும் திசையையும் குறிக்கிறது என்பதை இங்கேயே ஒருமுறை நினைவூட்டலாம். மலைப்பாதையில் இதற்கும் சாலையின் நீளத்துக்கும் வித்தியாசம் பெரிது. ஆனால் ஒரே வழியில் போய்வரும் வண்டியின் கணக்கைப் போடும்போது, கயிற்றை நேராக்கிவிட்ட பிறகு அந்த வித்தியாசம் தொல்லை தருவதில்லை.)

இனி எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். சந்தேகமே வேண்டாம், புள்ளிப்படத்தில்தான் தொடங்க வேண்டும். சம கால இடைவெளியில் பொருள் எங்கெங்கே இருந்தது என்பதைப் பாதையின்மேலேயே புள்ளி வைத்துக் காட்டுவதுதான் அது. இயக்கத்துக்கு மிக நெருக்கமான பதிவு இதுவே, ஏனென்றால் இதில் அச்சு என்று ஒன்றும் இல்லை. வண்டி போன இடத்திலேயே புள்ளியும் விழுகிறது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் செருகி, சொட்டு நொடிக்கு ஒன்றாக விழும்படி அதன் உருளையைத் திருகி வைத்து, சைக்கிளின் பின்புறம் கட்டிவிடுங்கள். குழாயின் முனை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கினால் போதும். பிறகு ஒரு பிள்ளையை மழையில்லாத நாளில் சிமெண்டுச் சாலையில் ஓட்டச் சொன்னால், ஈரப் புள்ளிகளாக அந்த ஓட்டத்தின் வரலாறு தரையில் கிடக்கும். குற்றாலச் சாரல் காலத்தில் இதைத் திட்டமிடாதீர்கள், நான் ஒருமுறை திட்டமிட்டு ஏமாந்தவன்.

அந்தச் சொட்டுகளைப் படிக்கப் பழக்குவதில் ஒரு முழு வகுப்பைச் செலவழித்தாலும் நட்டமில்லை. இடைவெளிகள் சமமாக இருந்தால் வேகம் மாறவில்லை; அகன்றுகொண்டே போனால் வேகம் கூடியது; நெருங்கிக்கொண்டே வந்தால் பிரேக் பிடித்தான்; ஒரே இடத்தில் ஈரம் குளமாகத் தேங்கியிருந்தால் அங்கே நின்றுவிட்டான். கூர்மையான பிள்ளை ஒன்று, ‘சொட்டு விழுந்து தரையைத் தொடுவதற்குள் சைக்கிள் நகர்ந்துவிடுமே’ என்று கேட்கும். நல்ல கேள்வி. 20 செ.மீ. உயரத்திலிருந்து விழச் சுமார் 0.2 நொடி ஆகும். ஆனால் சொட்டும் சைக்கிளின் வேகத்தோடேயே முன்னால் போகிறது. வேகம் மாறாதவரை எல்லாச் சொட்டும் ஒரே அளவு முன்தள்ளி விழுவதால் இடைவெளி கெடுவதில்லை, வேகம் மாறும்போது மட்டும் சிறு பிழை வரும். பள்ளி ஆய்வகங்களில் காகித நாடாவில் நொடிக்கு 50 புள்ளி குத்தும் கருவி செய்வதும், 1880களில் பிரான்சின் எத்தியேன் ழூல் மரே நடக்கும் மனிதனைச் சம இடைவெளியில் ஒரே தகட்டில் பலமுறை படம்பிடித்துச் செய்ததும் இதே வேலைதான். கைப்பேசியில் காணொளி எடுத்து ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினாலும் போதும். எனக்கென்னவோ ஈரச் சொட்டைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

பிறகு அளவு நாடாவை எடுத்து, முதல் புள்ளியிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அலகு எழுதாத அட்டவணைக்கு மதிப்பெண் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

அட்டவணையிலிருந்து வரைபடத்துக்குப் போகும் இடத்தில்தான் பிள்ளை தடுமாறுகிறது, ஏனெனில் இங்கேதான் சொட்டுகளின் எண்ணிக்கையில் ஒளிந்து கிடந்த நேரம் ஓர் அச்சாக மாறிப் பக்கவாட்டில் நீள்கிறது. இதை விளக்கத் தரையில் கிடந்த புள்ளி வரிசையையே கரும்பலகையில் ஒரு செங்குத்துக் கோட்டில் வைத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய நொடிக்கு நேராக வலப்பக்கம் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டுங்கள். முதல் புள்ளி 0 நொடிக்கு நேராக, இரண்டாவது 1 நொடிக்கு நேராக என்று தள்ளும்போது, வரைபடம் என்பது காலத்தால் விரித்துப் போட்ட புள்ளிப்படம்தான் என்பது கண்ணுக்குத் தெரியும். வலப்பக்கம் தள்ளியது நாம்தான், பொருள் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பேருந்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. செங்கோட்டையிலிருந்து கிளம்பி முதல் 15 நிமிடத்தில் சமவெளியில் 6 கி.மீ. போகிறது, சோதனைச்சாவடி அருகே 10 நிமிடம் நிற்கிறது, பிறகு மலைப்பாதையில் 20 நிமிடத்தில் 5 கி.மீ. போகிறது. வரைந்து பார்த்தால் முதல் பகுதியில் கோடு நன்றாகச் சாய்ந்து எழுகிறது, நடுவில் கிடைக்கோடாகக் கிடக்கிறது, மூன்றாம் பகுதியில் முன்னதைவிடப் படுத்த சாய்வோடு எழுகிறது. அதாவது சாலை தட்டையாக இருந்த இடத்தில் கோடு நன்றாக நிமிர்ந்தும், சாலை செங்குத்தான இடத்தில் கோடு படுத்தும் இருக்கிறது. மலை ஏறும்போது பேருந்து மெதுவாகப் போவதால் வரும் விளைவு இது. மலையை வரைந்த பிள்ளையிடம் அதன் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘உன் படத்தின்படி பேருந்து எந்த இடத்தில் அதிக வேகமாகப் போகிறது?’ என்று கேளுங்கள். மலைப்பகுதியில்தான் என்று சொல்ல நேரும்போது, அந்தப் பேருந்தில் தினமும் போய்வரும் பிள்ளை தானே சிரித்துவிடும். என் அனுபவத்தில் திருத்தம் நிலைத்தது இந்த இடத்தில்தான்.

அதே எண்களைக் கொண்டு சாய்வையும் சொல்லிவிடலாம். 6 கி.மீ.யைக் கால் மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 24 கி.மீ.; நின்ற பகுதிக்கு 0; மலைப்பகுதிக்கு 5 கி.மீ.யை 20 நிமிடத்தால், அதாவது மூன்றில் ஒரு மணியால் வகுத்தால் மணிக்கு 15 கி.மீ. முழுப் பயணத்தின் சராசரி கேட்டால் பிள்ளைகள் 24, 0, 15 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 13 என்பார்கள். மொத்தம் 11 கி.மீ., மொத்தம் 45 நிமிடம், ஆகவே சராசரி மணிக்கு ஏறத்தாழ 14.7 கி.மீ. வரைபடத்தில் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் ஓர் அளவுகோலால் இணைத்தால் அந்தக் கோட்டின் சாய்வே இந்தச் சராசரி என்று காட்டினால், கூட்டி வகுக்கும் ஆசை குறையும்.

எண்ணத் தொடங்கும் இடமான ஆதிப்புள்ளியை மாற்றிப் பார்க்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அதே பேருந்துக்கு, ஆரியங்காவுக்கும் அப்பால் கேரளப் பக்கத்தில் உள்ள புனலூரை 0 என்று வைத்துக்கொண்டு செங்கோட்டைத் திசையில் எண்கள் கூடுவதாக வரையச் சொல்லுங்கள். இப்போது பேருந்து மலைமேல் போய்க்கொண்டிருக்கும்போதே கோடு கீழ்நோக்கிச் சாய்கிறது. திசைவேகம் எதிர்க்குறி பெறுகிறது. பேருந்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, நாம் எண்ணத் தொடங்கிய இடமும் எண்கள் கூடும் திசையும்தான் மாறின. எதிர்க்குறி என்பது நாம் தேர்ந்துகொண்ட திசைக்கு எதிர்த்திசை என்பதையே சொல்கிறது. மெதுவாகப் போவதையோ பின்புறமாக ஓட்டுவதையோ அது சொல்வதில்லை. இங்கே ‘எதிர் முடுக்கம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும் (முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம்). பாடநூல்களில் அது வேகம் குறைவதைக் குறிக்க வருகிறது. ஆனால் எதிர்த்திசையில் போகும் வண்டி வேகத்தைக் கூட்டினாலும் முடுக்கம் எதிர்க்குறியே பெறும். திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியோடு இருந்தால் வேகம் கூடும், வேறு குறியோடு இருந்தால் குறையும் என்று சொல்லிக்கொடுத்தால் குழப்பம் வராது. உங்களிடம் ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால், அவர்கள் திசைவேகத்தைப் ‘பிரவேகம்’ என்றும் முடுக்கத்தை ‘த்வரணம்’ என்றும் படித்திருப்பார்கள். இரண்டு மொழிச் சொற்களையும் பலகையில் அருகருகே எழுதி வைப்பது நல்லது.

ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை ஒரே தாளில் வரையும்போதுதான் வரைபடத்தின் அருமை தெரியும். அதற்கு நம் ஊர் ரயில் பாதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு, 2018இல் அகலப்பாதையாகி மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கியது. சுமார் 49 கி.மீ. நீளமுள்ள ஒற்றைப் பாதை அது. ரயில்களைக் கட்டுப்படுத்தும் அலுவலர்கள் கிடை அச்சில் மணியையும் செங்குத்து அச்சில் நிலையங்களையும் வைத்து, ஒவ்வொரு ரயிலையும் ஒரு சாய்கோடாகக் குறித்துவைப்பது நீண்டகால வழக்கம். இன்று அதே படம் கணினித் திரையில் வருகிறது. பிரான்சில் பாரிஸ்–லியோன் தடத்துக்கு இப்படி வரைந்த அட்டவணை 19ஆம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றது. செங்கோட்டையைக் கீழேயும், பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, எடமண் என்று வரிசையாக மேலேயும், புனலூரை உச்சியிலும் எழுதுங்கள். செங்கோட்டையிலிருந்து வரும் ரயிலின் கோடு மேல்நோக்கியும், புனலூரிலிருந்து வருவதன் கோடு கீழ்நோக்கியும் போகும். ஆரியங்காவைத் தாண்டினால் பாதை உண்மையில் புனலூர் நோக்கி இறங்குகிறது. வரைபடம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வழியிலுள்ள பதிமூன்று கண் ரயில் பாலமும் அதற்குத் தெரியாது.

இப்போது கேளுங்கள்: இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் எதைக் குறிக்கிறது? ஒரே நேரத்தில் ஒரே நிலை. ஒற்றைப் பாதையில் அது நிலையத்தில் மட்டுமே நிகழலாம். ஒரு ரயில் நிலையத்தின் பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்பதால் அதன் கோடு கிடையாகக் கிடக்க, மற்றதன் கோடு அதைக் கடந்து போகும். இரண்டு நிலையங்களுக்கு இடையே கோடுகள் வெட்டிக்கொண்டால் அது மோதல். இந்த உதாரணத்துக்குப் பிறகு, வெட்டும் புள்ளியில் இரண்டின் வேகமும் சமம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிரோபிரிட்ஜும் மெக்டெர்மட்டும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரியில் இயற்பியல் படிப்பவர்களே இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் இரண்டுக்கும் வேகம் சமம் என்று கருதியதைக் காட்டியது. வேகம் சமமாக இருப்பது, குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு கோடுகளின் சாய்வு சமமாக இருக்கும் நேரத்தில்தான். அப்போது அவை வெகு தொலைவில் இருக்கலாம்.

திசைவேக–நேர வரைபடத்தில் புதிதாக வருவது கோட்டுக்கு அடியிலுள்ள பரப்பு; அதுவே கடந்த தூரத்தைத் தருகிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்பி 20 நொடியில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தை அடைந்து, 40 நொடி அதே வேகத்தில் போய், 10 நொடியில் பிரேக் பிடித்து நிற்கிறது என்றால், படம் ஒரு முக்கோணம், ஒரு செவ்வகம், மறுபடி ஒரு முக்கோணம். பரப்புகள் 100, 400, 50. மொத்தம் 550 மீட்டர். பரப்பு என்றாலே சதுர மீட்டர் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பக்கங்களின் அலகைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நொடிக்கு மீட்டரை நொடியால் பெருக்கினால் மீட்டர்தான் மிஞ்சுகிறது. நிலை–நேரப் படத்தில் கிடைக்கோடு நின்ற வண்டி, இந்தப் படத்தில் கிடைக்கோடு சீராக ஓடும் வண்டி. தேர்வில் மிக அதிகமாக மதிப்பெண் போகும் இடம் இது. ஆகையால் அச்சின் பெயரை விரலால் தொட்டுப் படித்த பிறகே கோட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

இந்த முக்கோணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள், சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரம், அதன் நடு வேகத்தில் மாறாமல் போகும் பொருள் கடக்கும் தூரத்துக்குச் சமம் என்று சொல்லியிருந்தார்கள். அதே நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் காலத்தைக் கிடைக்கோடாகவும் ஒவ்வொரு கணத்தின் வேகத்தை அதன்மேல் நிற்கும் கோடாகவும் வரைந்து, முக்கோணத்தின் பரப்பும் பாதி உயரமுள்ள செவ்வகத்தின் பரப்பும் ஒன்றே என்று காட்டினார். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், ஓய்விலிருந்து சீராக முடுக்கம் பெறும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்று விளக்கினார். சாய்தளத்தில் உருண்ட குண்டின் நேரத்தைச் சிறு துளை வழியே ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு அளந்தார். நம் சைக்கிளைச் சீரான இறக்கத்தில் மிதிக்காமல் விட்டு, கிளம்பும் கணத்திலேயே ஒரு சொட்டு விழும்படி பார்த்துக்கொண்டால், இடைவெளிகள் இந்த எண்களைப்போலவே ஏறக்குறையச் சம அளவில் கூடிக்கொண்டே வருவதைப் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம். தண்ணீர் வைத்து நேரம் அளந்தவர் அவர், தண்ணீர் வைத்து நேரம் குறிப்பவர்கள் நாம்.

மேலே எறிந்த பந்தை ஒரு நாள் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் நேர்மேலாக எறிந்த பந்து 1 நொடியில் 4.9 மீட்டர் உயரம் போய், 2ஆம் நொடியில் கைக்கு வருகிறது. இதன் நிலை–நேரப் படம் கவிழ்த்த கிண்ணம்போல் வருகிறது. இங்கே செங்குத்து அச்சு உண்மையிலேயே உயரம் என்பதால் மலை வரையும் பிள்ளை ‘நான் சொன்னது சரிதானே’ என்று கேட்கும். பந்து போன பாதை ஒரே செங்குத்துக் கோடு, வளைவாக அது போகவில்லை; வளைவை உண்டாக்கியது நேர அச்சு. திசைவேகப் படமோ +9.8இலிருந்து தொடங்கி, உச்சியில் 0ஐத் தொட்டு, −9.8 வரை போகும் ஒற்றை நேர்கோடு. உச்சியில் முடுக்கமும் 0 என்று எழுதுபவர்களிடம், அந்தக் கோட்டின் சாய்வு அந்த இடத்தில் மட்டும் மாறுகிறதா என்று கேட்டால் போதும். மாறவில்லை, எங்கும் −9.8 மீ/நொடி² தான். உச்சியில் முடுக்கம் 0 ஆகியிருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

சமன்பாடுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ‘இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம்’ என்பது அந்த நேர்கோட்டைச் சொல்லால் எழுதியதுதான்; தூரத்துக்கான சமன்பாடு அதன் அடியிலுள்ள செவ்வகமும் முக்கோணமும்தான். இவை முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும். மலைப்பாதைப் பேருந்தை முழுப் பயணத்துக்கும் இந்தச் சமன்பாட்டில் போட்டுக் கணக்குச் செய்யும் பிள்ளையைத் தடுக்க வேண்டும். வரைபடத்துக்கு அந்தத் தடை கிடையாது, எப்படிப்பட்ட ஓட்டத்தையும் அது தாங்கும்.

பயிற்சிக்கு, முற்றத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒருவர் சீராகத் தாளம் தட்ட, பலகையில் வரைந்த நிலை–நேரப் படத்தின்படி ஒரு பிள்ளையை நடக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் அது நின்ற கோட்டின் எண்ணைக் குறித்து, வரைந்து, பலகைப் படத்தோடு ஒப்பிடட்டும். பிறகு அதே கோடு, ஆனால் செங்குத்து அச்சின் பெயரை அழித்துவிட்டுத் ‘திசைவேகம்’ என்று எழுதி, மறுபடி நடக்கச் சொல்லுங்கள். முதல் தடவை கோடு கிடையாக இருந்த இடத்தில் நின்ற பிள்ளை, இரண்டாம் தடவையும் அங்கே நிற்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள்.